ரப்பர் கலவையில் ரசாயனங்கள்: எதை, எவ்வளவு, எப்போது போடுவது

100 கிலோ ரப்பருக்கு 45 கிலோ கார்பன் பிளாக் (வலுவூட்டும் கரித்தூள்) போகிறது. அதில் கால் கிலோ கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. அதே ரப்பருக்கு ஒன்றரை கிலோதான் சிபிஎஸ் என்ற ஆக்சிலரேட்டர், அதாவது வேகும் வேகத்தைக் கூட்டும் ரசாயனம், போகிறது. அதில் கால் கிலோ தவறினால் அச்சில் வேகும் நேரம் மாறும், கடினம் மாறும், ஆறு மாதம் கழித்துப் பொருளின் மேல் வெள்ளை பூத்து நிற்கும். கலவைக் கூடத்தில் பெரிய மூட்டைகளைவிடச் சின்ன டப்பாக்களுக்கு அதிகக் கவனம் கொடுக்க வேண்டியது இதனால்தான். அந்தச் சின்ன டப்பாக்களைத் தேர்ந்தெடுப்பது, எடை போடுவது, சரியான வரிசையில் கலப்பது, பிழை வந்தால் கண்டுபிடிப்பது ஆகியவை பற்றியது இந்த வழிகாட்டி. கந்தகத்தோடு சூடாகி இறுகும், அதாவது வேகும், இயற்கை ரப்பரை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறோம். வெப்ப அளவுகள் எல்லாமே செல்சியஸ்.

முதலில் கணக்கு

ரப்பர் தொழிலில் அளவுகளைச் சதவீதத்தில் எழுதுவதில்லை. ரப்பர் 100 பங்கு என்று வைத்து, மற்றதெல்லாம் அதற்கு எத்தனை பங்கு என்று எழுதுவார்கள். இதற்குப் பெயர் பிஹெச்ஆர். பொது உபயோகத்துக்கு நம்பி எடுக்கக்கூடிய ஒரு தொடக்கக் கலவை இது:

இயற்கை ரப்பர் – 100
ஜிங்க் ஆக்சைடு – 5
ஸ்டியரிக் ஆசிட் – 2
கார்பன் பிளாக் (என்330 ரகம்) – 45
நாப்தெனிக் எண்ணெய் – 5
டிஎம்க்யூ (ஆக்சிஜனிலிருந்து காப்பது) – 1
6பிபிடி (ஓசோனிலிருந்து காப்பது) – 2
மெழுகு – 1
கந்தகம் – 1.5
சிபிஎஸ் – 1.5
மொத்தம் – 164

இன்டர்னல் மிக்சர் என்ற மூடிய கலவை இயந்திரத்தின் அறை கொள்ளும் அளவு லிட்டரில் இருக்கும். நாம் போடுவதோ கிலோவில். இரண்டையும் இணைப்பது கலவையின் ஒப்படர்த்தி. ஒவ்வொரு பொருளின் பங்கையும் அதன் அடர்த்தியால் வகுத்துக் கூட்டுங்கள். ரப்பர் 0.92, கார்பன் பிளாக் 1.8, ஜிங்க் ஆக்சைடு 5.6, கந்தகம் 2.07 என்று போட்டால் மேலே உள்ள கலவையின் கன அளவு சுமார் 148 வரும். 164ஐ 148ஆல் வகுத்தால் 1.11. அறை 20 லிட்டர், அதில் 0.72 பங்கு நிரப்புகிறோம் என்றால், 20 × 0.72 × 1.11 = சுமார் 16 கிலோ. 16,000 கிராமை 164ஆல் வகுக்க, ஒரு பங்கு 97.6 கிராம். அப்படியானால் ரப்பர் 9.76 கிலோ, பிளாக் 4.39 கிலோ, ஜிங்க் ஆக்சைடு 488 கிராம், கந்தகமும் சிபிஎஸ்ஸும் தலா 146 கிராம்.

நிரப்பும் அளவு குறைந்தால் மேலே உள்ள ராம் கலவையை அழுத்தாது. ரப்பர் உள்ளே சுழலும் ரோட்டாரோடு சேர்ந்து சும்மா சுற்றும், பிளாக் உடையாது. கூடினாலும் கெடுதல்தான்: ராம் கீழே இறங்கி உட்காராது, தொண்டையில் தங்கிய பொடி கலக்காமலே கடைசியில் விழும்.

எடையில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. இப்போது பல ஆக்சிலரேட்டர்கள் 80 சதவீத மாஸ்டர்பேட்ச் மணிகளாக (80 பங்கு ரசாயனம், மிச்சம் அதைப் பிடித்துவைக்கும் பொருள்) வருகின்றன. தூசி இல்லை, நன்றாகப் பரவும், நல்ல பொருள்தான். ஆனால் கலவைச் சீட்டில் 1.5 என்று இருப்பதைப் பார்த்து 1.5 மணிகளையே போட்டால் உண்மையில் சேர்வது 1.2தான். 1.5ஐ 0.8ஆல் வகுத்து 1.88 போட வேண்டும். எண்ணெய் சேர்த்த கரையாக் கந்தகத்துக்கும் (ரப்பரில் கரையாத கந்தக வகை) இதே கணக்கு. சீட்டில் பொருளின் பெயருக்குப் பக்கத்திலேயே அதன் செறிவையும் எழுதிவையுங்கள்.

146 கிராமை 50 கிலோ தராசில் எடை போடாதீர்கள். சின்ன ரசாயனங்களுக்கு 1 கிராம் துல்லியத் தராசு தனியாக வேண்டும். ஒரு பேட்சுக்கு வேண்டியதைக் குறைந்த வெப்பத்தில் உருகும் இவிஏ பைகளில் கட்டிவைத்தால் பையோடு உள்ளே போடலாம். டப்பாவில் ஒட்டிக்கொண்டு குறைவதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இரண்டாம் கட்டக் கலவை 100 டிகிரிக்குள்ளேயே முடிகிறது. அங்கே போகும் பை அதற்கும் நன்றாகக் கீழே உருகும் ரகமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக் துண்டு கலவையில் அப்படியே நிற்கும்.

வேகவைக்கும் நால்வர்

கந்தகம், ஜிங்க் ஆக்சைடு, ஸ்டியரிக் ஆசிட், ஆக்சிலரேட்டர் ஆகிய நான்கும் சேர்ந்துதான் ரப்பரை வேகவைக்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றின் வேலையும் மாறும்.

சார்லஸ் குட்இயர் 1839இல் கந்தகத்தையும் ரப்பரையும் சேர்த்துச் சூடாக்கி வல்கனைசேஷனைக் கண்டார். கந்தகத்தை மட்டும் வைத்துச் செய்தால் 8 பங்கு வேண்டும், 140 டிகிரியில் சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். ஜிங்க் ஆக்சைடு 5 பங்கு சேர்த்தால் அது 3 மணி நேரமாகக் குறையும். ஆக்சிலரேட்டர் அரைப் பங்கு சேர்ந்தாலே நிமிடக் கணக்குக்கு வந்துவிடும். இந்தக் கடைசிப் பாய்ச்சல் 1906இல் தொடங்கியது. அமெரிக்காவின் ஆக்ரனில் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் அனிலின் வேகத்தைக் கூட்டுவதைக் கண்டார். அனிலின் நச்சு என்பதால் அதிலிருந்து செய்த தயோகார்பனிலைடுக்கு மாறினார்கள். 1920களில் டிபிஜி, எம்பிடி என்ற ஆக்சிலரேட்டர்கள் வந்தன.

அதற்குப் பிறகு நடந்தது இன்றைய கலவைகளையும் விளக்கும். பழைய சேனல் பிளாக் அமிலத் தன்மை கொண்டது, வேகத்தைத் தானே தணித்து வைத்திருந்தது. 1940களில் அந்த இடத்துக்கு வந்த எண்ணெய் ஃபர்னஸ் பிளாக் காரத் தன்மை கொண்டது. அதோடு எம்பிடி சேர்ந்தபோது கலவை மில் என்ற இரட்டை உருளை இயந்திரத்திலேயே வேகத் தொடங்கியது. 1930களிலேயே கண்டுபிடித்திருந்த சல்ஃபினமைடு வகை ஆக்சிலரேட்டர்களுக்கு அப்போதுதான் பெரிய தேவை பிறந்தது. சிபிஎஸ், டிபிபிஎஸ் போன்றவை சூட்டில் சற்று நேரம் சும்மா இருக்கும். பிறகு உடைந்து, வேகமாக வேலை செய்யும். அச்சை நிரப்ப நேரம் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் வேகவைப்பதுதான் தொழிலுக்கு வேண்டியது. கார்பன் பிளாக் போட்ட கலவைக்கு இன்றும் முதல் தேர்வு இந்தக் குடும்பம்தான்.

எம்பிடிஎஸ் மிதமானது, நடுத்தர வேகம், மலிவு. டிபிஜி தனியாக மெதுவானது, 0.1 முதல் 0.3 வரை துணையாகப் போட்டால் மற்றதைத் தூண்டும். டிஎம்டிடி அதிவேகம்; துணையாக 0.1 அல்லது 0.2 போதும். ஜிங்க் டைஎத்தில் டைதயோகார்பமேட் அதையும் தாண்டிய வேகம். லேடெக்ஸ் வேலைக்கு நல்லது, மில்லில் ஓடும் கலவைக்கு ஆபத்து.

கந்தகத்துக்கும் ஆக்சிலரேட்டருக்கும் உள்ள விகிதம்தான் பொருளின் குணத்தை முடிவு செய்கிறது. கந்தகம் 2 முதல் 3.5, ஆக்சிலரேட்டர் 0.4 முதல் 1.2 என்றால் ரப்பர்ச் சங்கிலிகளுக்கு நடுவே பல கந்தக அணுக்கள் கொண்ட நீளமான பாலங்கள் உண்டாகும். அவை வளைந்து நெளிந்து தாங்கும். ஓயாமல் மடங்கும் பொருளுக்கும் கிழியாமல் இருக்க வேண்டிய பொருளுக்கும் இது ஏற்றது. ஆனால் சூட்டில் அந்தப் பாலங்கள் அறுபடும். கந்தகம் 0.3 முதல் 0.8, ஆக்சிலரேட்டர் 2 முதல் 5 என்று திருப்பினால் ஒற்றைக் கந்தகப் பாலங்கள் மிகும். சூட்டையும் நீண்டகால அழுத்தத்தையும் தாங்கும், களைப்பில் சீக்கிரம் விரியும். 1.5க்கு 1.5 என்ற நம் கலவை நடுவில் நிற்கிறது. சூடான இடத்தில் உட்காரும் கேஸ்கெட் செய்கிறீர்களா, நாள் முழுவதும் அதிரும் தாங்கி செய்கிறீர்களா என்பதைத் தீர்மானித்த பிறகே இந்த விகிதத்தைத் தொடுங்கள்.

ஜிங்க் ஆக்சைடும் ஸ்டியரிக் ஆசிட்டும் சேர்ந்து ரப்பரில் கரையும் ஜிங்க் சோப்பாக மாறுகின்றன. துத்தநாகம் வேலைக்கு வருவது அந்த வழியில்தான். ஸ்டியரிக்கைக் குறைத்தால் ஜிங்க் ஆக்சைடு எவ்வளவு இருந்தும் வேகல் அரைகுறையாக நிற்கும். 3 பங்குக்கு மேல் ஸ்டியரிக் போனால் அது மேலே வந்து வழவழப்பாகும். அடுக்குகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. துத்தநாகம் நீர்வாழ் உயிர்களைப் பாதிக்கும் என்பதால் நுண்துகள் கொண்ட ஆக்டிவ் ஜிங்க் ஆக்சைடைக் குறைந்த அளவில் போடும் பழக்கம் வளர்ந்துவருகிறது. ஒரேயடியாகக் குறைக்காமல் 5, 4, 3 என்று இறக்கி, ஒவ்வொரு படியிலும் ரியோமீட்டர் (வேகும்போது ரப்பர் எப்படி இறுகுகிறது என்று அளக்கும் கருவி) பாருங்கள்.

கலக்கும் வரிசை

இரண்டு கட்டமாகக் கலப்பதுதான் பாதுகாப்பு. கந்தகமும் ஆக்சிலரேட்டரும் இல்லாத மாஸ்டர்பேட்ச் முதல் கட்டம். அறையை 60 முதல் 70 டிகிரியில் வைத்து ரப்பரைப் போட்டு ஒரு நிமிடம் பிசையுங்கள். ரப்பர் மிகவும் கடினமாக இருந்தால் அதை இளக்கும் பெப்டைசர் 0.1 முதல் 0.2 வரை இந்த இடத்தில் போகலாம். பிளாக் வருவதற்கு முன்பே அது வேலையை முடிக்க வேண்டும். கூடினால் ரப்பர்ச் சங்கிலிகள் அளவுக்கு மேல் அறுந்து, பொருள் சீக்கிரம் மூப்படையும். பிறகு ஜிங்க் ஆக்சைடு, ஸ்டியரிக், டிஎம்க்யூ, 6பிபிடி, அவற்றோடு கார்பன் பிளாக்.

எண்ணெயை பிளாக்குடன் சேர்த்து ஊற்றாதீர்கள். பிளாக் துகள்களை உடைக்க ரப்பருக்கு விறைப்பு வேண்டும். எண்ணெய் முன்பே வந்தால் எல்லாம் வழுக்கும், கட்டிகள் கட்டிகளாகவே நிற்கும். பிளாக் உள்ளே இழுக்கப்பட்ட பிறகு, அதாவது மோட்டாரின் ஆம்பியர் ஏறி இறங்கத் தொடங்கும் நேரத்தில், எண்ணெயையும் மெழுகையும் போடுங்கள். ராமைத் தூக்கி ஒருமுறை பெருக்கிவிட்டு, 145 முதல் 150 டிகிரியில் கொட்டுங்கள். 160ஐத் தாண்டினால் இயற்கை ரப்பர் கெடத் தொடங்கும். கடிகாரத்தை மட்டும் நம்பிக் கொட்டாதீர்கள். காலையின் முதல் பேட்சுக்கும் பத்தாவது பேட்சுக்கும் அறையின் சூடு ஒன்றாக இருக்காது. தெர்மோகப்பிள் காட்டுவதைவிடக் கலவையின் நடுச்சூடு கூடுதலாக இருக்கும். கொட்டியவுடன் ஊசி வெப்பமானியைக் குத்தி அந்த வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள்.

மில்லில் ஷீட்டாக இழுத்து, 40 டிகிரிக்குக் கீழே ஆறவைத்து, குறைந்தது 4 மணி நேரம் ஓய்வு கொடுங்கள்.

இரண்டாம் கட்டம் குறுகியது. மாஸ்டர்பேட்ச், கந்தகம், சிபிஎஸ். ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். 100 டிகிரியை எட்டும் முன்பே கொட்டிவிட வேண்டும். கரையாக் கந்தகம் போட்டிருந்தால் இந்த எல்லை இன்னும் முக்கியம். சுமார் 105 டிகிரிக்கு மேல் அது சாதாரணக் கந்தகமாக மாறிவிடும், அதற்குக் கொடுத்த கூடுதல் பணம் வீண். மில்லில் முடிப்பதானால் உருளைகள் 60 முதல் 70 டிகிரியில் இருக்கட்டும். கந்தகத்தை அகலம் முழுக்க மெல்லத் தூவி, கீழே விழுந்த பொடியை எல்லாம் மறுபடி எடுத்துப் போட்ட பிறகே வெட்டத் தொடங்குங்கள். ஒவ்வொரு பக்கமும் முக்கால் அகலத்துக்கு மூன்று வெட்டு, அதன்பின் சுருட்டி முனை வழியாக ஆறு முறை விடுவது என்ற பழைய முறை இன்றும் போதுமானது. பொடி மேலே இருக்கும்போது வெட்டினால் அது உருளையில் தட்டையாகி, வெந்த பொருளில் பழுப்புப் புள்ளியாகத் தெரியும்.

நைட்ரைல் என்ற செயற்கை ரப்பருக்கு இந்த வரிசை பொருந்தாது. அதில் கந்தகம் மிகக் குறைவாகவே கரையும், பரவவும் நேரம் எடுக்கும். ஆகவே கந்தகத்தை முதலிலேயே போட்டு, ஆக்சிலரேட்டரைக் கடைசியில் போடுவார்கள்.

பிளாக்குக்குப் பதில் சிலிக்கா போட்ட கலவை என்றால், அதை ரப்பரோடு இணைக்கும் சிலேன் சேர்க்க வேண்டும். சிலிக்காவின் எடையில் 8 முதல் 10 சதவீதம். அது சிலிக்காவோடு வினைபுரிய 145 முதல் 155 டிகிரியில் சில நிமிடம் நிறுத்த வேண்டும். 160ஐத் தாண்டினால் சிலேனில் உள்ள கந்தகமே ரப்பரை வேகவைக்கத் தொடங்கும். சிலிக்காவின் மேற்பரப்பு ஆக்சிலரேட்டரை உறிஞ்சிவிடும். அதை ஈடுகட்ட டிபிஜி 1 முதல் 2 வரை போக வேண்டியிருக்கும்.

ரியோமீட்டர் வரைகோட்டைப் படிப்பது

ஒவ்வொரு பேட்சிலிருந்தும் ஒரு துண்டை 150 அல்லது 160 டிகிரியில் ஓட்டுங்கள். நான்கு எண்கள் போதும். எம்எல் என்பது வேகும் முன் உள்ள குறைந்தபட்ச முறுக்கு, எம்ஹெச் என்பது வெந்த பின் அதிகபட்சம். டிஎஸ்2 வேகத் தொடங்கும் நேரம், டிசி90 தொண்ணூறு சதவீதம் வெந்த நேரம். ஒரு நல்ல பேட்சின் வரைகோட்டைச் சுவரில் ஒட்டிவைத்து, வருவதை எல்லாம் அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

எம்எல் கூடியிருந்தால் ரப்பர் போதுமான அளவு பிசையப்படவில்லை, அல்லது எண்ணெய் குறைந்தது, அல்லது கலவை ஏற்கெனவே லேசாக வேகத் தொடங்கிவிட்டது. மூன்றாவது காரணம் என்றால் டிஎஸ்2வும் சேர்ந்து சுருங்கியிருக்கும். எம்எல் சரி, எம்ஹெச் மட்டும் குறைவு என்றால் கந்தகம் அல்லது ஆக்சிலரேட்டர் குறைந்திருக்கிறது. நேரங்களும் நீண்டிருந்தால் ஆக்சிலரேட்டர், நேரங்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தால் கந்தகம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். எம்எல்லும் எம்ஹெச்சும் ஒன்றாக இறங்கினால் பிளாக் குறைந்ததா, எண்ணெய் இரண்டு முறை ஊற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அதை ஒப்படர்த்திச் சோதனை உடனே சொல்லிவிடும்: நம் கலவையில் 1.11 வர வேண்டிய இடத்தில் 1.09 வந்தால் பிளாக் குறைந்திருக்கிறது என்று பொருள். வரைகோடு உச்சிக்குப் போய்க் கீழே இறங்கினால் அது ரிவர்ஷன். கந்தகப் பாலங்கள் சூட்டில் அறுபடுகின்றன. வெப்பத்தைக் குறைக்கலாம், அல்லது கந்தகத்தைக் குறைத்து ஆக்சிலரேட்டரைக் கூட்டலாம்.

அச்சில் வைக்கும் நேரத்துக்கு ஒரு தோராய விதி: வெப்பம் 10 டிகிரி கூடினால் நேரம் பாதியாகும், 10 குறைந்தால் இரட்டிப்பாகும். 150இல் 8 நிமிடம் என்றால் 160இல் சுமார் 4, 140இல் சுமார் 16. ரப்பர் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். 6 மில்லிமீட்டருக்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு நிமிடம் கூட்டித் தொடங்குங்கள், பிறகு பொருளை நடுவில் அறுத்துப் பாருங்கள். உள்ளே கடற்பஞ்சுபோல ஓட்டை இருந்தால் நடு வேகவில்லை. ஓட்டைகள் எல்லா இடத்திலும் சமமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் ஈரம். களிமண், கால்சியம் கார்பனேட் மூட்டைகளை முதலில் சோதியுங்கள்.

டிஎஸ்2 போதவில்லை என்றால் பலரும் உடனே வேகலைத் தாமதப்படுத்தும் ரிடார்டரைத் தேடுவார்கள். அதற்கு முன் கொட்டும் சூடு, ஷீட் ஆறிய விதம், கலவை எத்தனை நாள் எங்கே கிடந்தது ஆகிய மூன்றையும் பாருங்கள். சூடாக அடுக்கிய ஷீட்டின் நடுவில் சூடு மணிக்கணக்கில் தங்கும், அங்கே ஸ்கார்ச், அதாவது முன்கூட்டியே வேகுதல், தொடங்கும். இவை எல்லாம் சரி என்றால் சிடிபி என்ற ரிடார்டரை 0.1 முதல் 0.2 போடுங்கள். 1970 வாக்கில் வந்த இந்தப் பொருள் தொழிலுக்குப் பெரிய உதவி. சல்ஃபினமைடோடு சேரும்போது தொடக்கத்தை மட்டும் தள்ளிப்போடும், அதன் பிறகு வேகும் வேகத்தைக் குறைக்காது. அதற்கு முன் பயன்பட்ட சாலிசிலிக் ஆசிட் முதல் அடியிலிருந்தே எல்லாவற்றையும் மந்தமாக்கியது. சிடிபி 0.3க்கு மேல் போனால் எம்ஹெச் குறையும், மேலே பூக்கவும் கூடும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள். கந்தகத்தை 0.2 கூட்டிவிட்டு அதே பேட்சில் டிஎம்டிடியும் சேர்த்தால், வந்த மாற்றத்துக்கு எது காரணம் என்று எந்த வரைகோடும் சொல்லாது.

காக்கும் பொருட்கள்

காற்றில் உள்ள ஆக்சிஜன் ரப்பரை மெதுவாகத் தின்னும், ஓசோன் வேகமாகக் கிழிக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. டிஎம்க்யூ சூட்டுக்கும் ஆக்சிஜனுக்கும் நல்லது, ஓசோனை எதிர்க்காது. 6பிபிடி ஓசோனைத் தடுக்கும், மடங்கும்போது வரும் விரிசலையும் தடுக்கும். மெழுகு மேற்பரப்பில் மெல்லிய படலமாக நின்று காக்கும், ஆனால் பொருள் அசையாமல் இருக்கும்வரைதான். அசைந்தால் படலம் உடையும். வெறும் மெழுகை நம்பி அசையும் பொருள் செய்தால், படலம் உடைந்த இடத்தில் ஓசோன் மொத்தமாக வேலை செய்து ஆழமான விரிசல் விழும். அதனால்தான் 6பிபிடியும் மெழுகும் ஜோடியாகப் போகின்றன.

6பிபிடி கறை படுத்தும். வெள்ளை, நிறப் பொருட்களில் அதைத் தொடவே கூடாது. ஸ்டைரினேட்டட் ஃபீனால் போன்ற கறைபடாத வகையைப் போடுங்கள். ஓசோன் காப்பு அதில் கிடைக்காது, அந்தக் குறையை ஒப்புக்கொண்டே வடிவமைக்க வேண்டும். செம்பும் மாங்கனீசும் இயற்கை ரப்பருக்கு எமன். நிறமிகளில் இவை இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

கந்தகத்துக்குப் பதில் டைகியூமைல் பெராக்சைடால் வேகும் கலவையில் இந்தக் காப்பு கணக்கு தலைகீழ். 6பிபிடி பெராக்சைடின் வேலையையே விழுங்கும், ஸ்டியரிக் போன்ற அமிலமும் அதை வீணாக்கும். அங்கே டிஎம்க்யூ 0.5 முதல் 1 வரை போதும், அரோமாடிக் எண்ணெயைத் தவிர்த்துப் பாரஃபினிக் எண்ணெய்க்கு மாறுங்கள்.

வெள்ளை பூத்தால்

மேலே பூத்து வருவது என்ன என்று தெரியாமல் கலவையை மாற்றக் கூடாது. பிளேடால் மெல்லச் சுரண்டி, பொடியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, வெப்பம் காட்டும் ஹாட் பிளேட்டில் ஏற்றிப் பாருங்கள். 55 முதல் 70 டிகிரிக்குள் தெளிவாக உருகினால் மெழுகு அல்லது ஸ்டியரிக். 100 டிகிரியை ஒட்டி உருகினால் சிபிஎஸ். 115 முதல் 120க்குள் மஞ்சள் திரவமானால் கந்தகம். கொளுத்தினால் நீலச் சுடரும் மூக்கைத் துளைக்கும் நெடியும் அதை உறுதி செய்யும். 145க்கு மேல்தான் உருகுகிறது என்றால் டிஎம்டிடி, இன்னும் மேலே போனால் எம்பிடிஎஸ். 250 தாண்டியும் அசையாவிட்டால் அது ரசாயனமே அல்ல, வெளியிலிருந்து ஒட்டிய டால்க் போன்ற பொடி. கலந்து பூத்திருந்தால் உருகுநிலை சற்று இறங்கிக் காட்டும் என்பதை மறக்காதீர்கள்.

வேகாத ஷீட்டில் கந்தகம் பூத்தால் அடுக்குகள் ஒட்டாது. அறை வெப்பத்தில் இயற்கை ரப்பரில் கரைந்து நிற்கக்கூடியது 100க்கு சுமார் 1 பங்கு கந்தகம்தான்; மிச்சம் மேலே வரும். ஒட்டுதல் முக்கியமான வேலைக்குக் கரையாக் கந்தகம் பயன்படுவது இதற்காக. வெந்த பொருளில் கந்தகம் பூத்தால் அது பெரும்பாலும் வேகாத குறை. ஆக்சிலரேட்டர் பூத்தால் ஒன்றையே நிறையப் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். ஒவ்வொன்றும் தன் கரையும் எல்லைக்குள் நிற்கும்.

கைவிட வேண்டியவையும் மாற்றும்

இந்தத் தொழிலில் பல பொருட்கள் கலவையைக் கெடுத்ததால் போகவில்லை, மனிதர்களைக் கெடுத்ததால் போயின. பீட்டா-நாஃப்தைலமீன் கலந்திருந்த ஆன்டிஆக்சிடென்ட்கள் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கொடுத்தன; பிரிட்டனில் 1949இல் அவை திரும்பப் பெறப்பட்டன.

இன்று முதலில் மாற்ற வேண்டியது டிஎம்டிடி. இரண்டாம் நிலை அமீனிலிருந்து செய்த ஆக்சிலரேட்டர்கள் வேகும்போது புற்றுநோய் தரும் நைட்ரசமீன்களை வெளிவிடலாம். டிஎம்டிடி, ஜிங்க் டைஎத்தில் டைதயோகார்பமேட், மார்ஃபோலின் வகைச் சல்ஃபினமைடு எல்லாம் இதில் சேரும். டிஎம்டிடிக்குப் பதில் டெட்ராபென்சைல் தையூரம் டைசல்ஃபைடு போடலாம். அதன் மூலக்கூறு எடை 545, டிஎம்டிடியின் எடை 240. ஆகவே 0.2 இருந்த இடத்தில் சுமார் 0.45 போட்டுத் தொடங்குங்கள். அதே 0.2ஐப் போட்டுவிட்டு மாற்றுப் பொருள் மந்தம் என்று ஒதுக்குவது நியாயமில்லை. மார்ஃபோலின் வகைக்குப் பதில் டிபிபிஎஸ் வரலாம். அது முதல் நிலை அமீனிலிருந்து வருவதால் இந்தக் கவலை இல்லை, சிபிஎஸ்ஸுக்கும் இல்லை.

டிஎம்டிடி போன்ற தையூரம் பொடியை எடை போடுபவர்கள் அன்று மது அருந்தக் கூடாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். 1937இலேயே ஒரு ரப்பர் ஆலையின் மருத்துவர் இதைப் பதிவு செய்தார். குடியை விடவைக்கத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரை இதே குடும்பத்துப் பொருள்தான். எடை மேசையில் தூசி உறிஞ்சியும் முகக்கவசமும் இல்லாமல் யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

அரோமாடிக் எண்ணெயில் உள்ள பல வளைய ஹைட்ரோகார்பன்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் டயர்களில் 2010 ஜனவரி 1 முதல் வரம்பு வைத்தது: ஒரு கிலோ எண்ணெயில் பென்சோபைரீன் 1 மில்லிகிராம், பட்டியலிட்ட 8 சேர்மங்களும் சேர்ந்து 10 மில்லிகிராம். சுத்திகரித்த டிடிஏஇ எண்ணெய் அல்லது நாப்தெனிக் எண்ணெய் அந்த இடத்தை நிரப்புகிறது. 6பிபிடியின் கதை இன்னும் முடியவில்லை. அது ஓசோனோடு சேர்ந்து உண்டாக்கும் குயினோன், டயர்த் தேய்மானத்தோடு மழைநீரில் ஓடி அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்பதை 2020இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். ஓசோனையும் மடங்கும் விரிசலையும் ஒருசேர அதே அளவு தடுக்கும் மாற்றைத் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை தேவைக்கு மேல் ஒரு பங்குகூடப் போடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

சேமிப்பு

சல்ஃபினமைடுகள் ஈரத்திலும் சூட்டிலும் மெல்ல உடையும். உடைந்த சிபிஎஸ் போட்ட கலவையில் டிஎஸ்2 சுருங்கும், டிசி90 நீளும். கலவைச் சீட்டில் பிழை தேடி நாள் போகும். சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகையை மெத்தனாலில் கரைத்துப் பாருங்கள். நல்ல சிபிஎஸ் ஏறக்குறைய முழுக்கக் கரையும். உடைந்ததில் எம்பிடிஎஸ் கரையாமல் அடியில் வண்டலாக நிற்கும். மெத்தனால் நச்சு, எளிதில் தீப்பிடிக்கும். புகைபோக்கி அலமாரியில், தீயில்லாத இடத்தில் செய்யுங்கள். திறந்த மூட்டையை இறுகக் கட்டி, தரையிலிருந்து உயர்த்தி, கொதிகலன் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கந்தகத்தையும் பெராக்சைடையும் தனித்தனி அறையில் வைக்க வேண்டும். காற்றில் மிதக்கும் கந்தகத் தூள் ஒரு பொறிக்கே வெடிக்கும், அதனால் அதைப் பெருக்கும்போதும் அள்ளும்போதும் பொறி எழுப்பாத கருவிகளையே எடுங்கள். ஒவ்வொரு புது லாட் வந்ததும் பழைய லாட்டோடு பக்கத்தில் வைத்து ஒரே மாஸ்டர்பேட்சில் இரண்டு ரியோமீட்டர் ஓட்டம் போட்டு, டிஎஸ்2 வித்தியாசத்தை மூட்டையின் மேலேயே எழுதிவிட்டுப் பிறகு உற்பத்திக்கு விடுங்கள்.